ஊசியம்மா சொல்லாதது

அந்தப் பகுதியில் அவளுக்கு ஊசியம்மா என்று பெயர். மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தாறு வருடங்களாக ரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. அவள் குத்தினால் வலிக்காது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எல்லா ஊசியும் ஒரே பெட்டியிலிருந்து வருவதுதான். வித்தியாசம் அவள் பேச்சில் இருந்தது. கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, "காபி குடிக்காம வரச் சொன்னதுக்கு என் மேல கோவமா?" என்று ஏதாவது கேட்பாள். எதிரே இருப்பவர் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். கடா மீசை வைத்த ஆட்கள்கூடக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஊசியம்மா இருக்காங்களா? இல்லைன்னா நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிப் போனதுண்டு.

நாள் முழுக்க நின்றபடி வேலை. ஐம்பது வயதானபோது வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது. அவள் வயதுப் பெண் ஒருத்தி, காதோரம் நரை, முழங்காலில் ஒரு சாம்பல் நிறப் பட்டை. "நம்பிக்கை இல்லாமத்தாங்க வாங்கினேன். இப்ப இது இல்லாம இருக்க முடியல" என்றாள் அந்தப் பெண், தலையைக் கொஞ்சம் சாய்த்து. பொய் சொல்கிற முகமாக இல்லை. மின்சாரத்தில் சொருகினால் இதமாகச் சூடு ஏறும் பட்டை. ஊசியம்மா வாங்கிவிட்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். திருகாணி இல்லாத சாமான் எதையும் நம்பாதவர். பட்டையை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து, "இதைத் திறக்கறதுக்கே வழி இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

முதல் இரண்டு நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் பட்டையோடு நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது முழங்காலுக்குப் பின்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம்.

பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்தது. 'உங்கள் அனுபவத்தை வீடியோவாக அனுப்புங்கள். பரிசு நிச்சயம்.' பரிசுக்காக இல்லை, நாலு பேருக்குத் தெரியட்டுமே என்றுதான் அவள் அனுப்ப நினைத்தாள். கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள், வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அவளைச் சமையலறை ஜன்னலோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். ஊசியம்மா இப்படித்தான் பேசினாள்:

"நான் ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை பாக்கறேன். அதனால பொறுப்போட சொல்றேன். முதல் ரெண்டு நாள் சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. வலி எங்க போச்சுன்னே தெரியல. ஆனா மூணாம் நாள் தோல் வெந்துபோச்சு, பாருங்க. அதுக்கு சூட்டை நிறுத்தத் தெரியல. முக்கியமா சர்க்கரை இருக்கறவங்க, கால் மரத்துப்போனவங்க இதைத் தொடவே தொடாதீங்க. அவங்களுக்குச் சுடறதே தெரியாது."

மகள் கம்பெனியின் பக்கத்தில் அதை ஏற்றி, கடைசியில் வந்த ஒரு கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினாள். நாலாம் நாள் ஒரு துண்டு பரிசாக வந்தது. 'எங்கள் குடும்பத்தில் நீங்களும் ஒருவர்' என்று ஒரு சீட்டு. துண்டு தண்ணீரை உறிஞ்சவில்லை. கணவர் அதைக் கருவிப் பெட்டிக்கு அடியில் விரித்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் போனது. ரத்தம் கொடுக்க வந்த தையற்கடைக்காரப் பெண் கையை நீட்டிக்கொண்டே சிரித்தாள்.

"உங்களைப் பாத்தேங்க. சினிமாக்காரங்க மாதிரி பேசறீங்க!"

அவள் காட்டிய செல்போனில் ஊசியம்மா, தன் சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். 'நான் ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை பாக்கறேன். அதனால பொறுப்போட சொல்றேன். சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. வலி எங்க போச்சுன்னே தெரியல.' அத்தோடு முடிந்தது. இருபத்திரண்டு விநாடி.

முதலில் அவளுக்கே சிரிப்பு வந்தது. முகம் பரவாயில்லையே என்றுகூட நினைத்தாள். இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் கொப்புளத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பது உறைத்தது.

"மீதி எங்க?" என்று கேட்டாள்.

"என்ன மீதி?" என்றாள் தையற்கடைக்காரி.

அன்று மாலையே கம்பெனியின் எண்ணுக்குப் பேசினாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று போய், 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்றது. காத்திருப்பவர்களுக்காக ஒரு பதிவை ஓடவிட்டார்கள். அதில் பேசியது அவள்தான். சொர்க்கம் மாதிரி இருந்துச்சு, வலி எங்க போச்சுன்னே தெரியல. சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. தன் குரலைத் தானே கேட்டபடி நாற்பது நிமிடம் நின்றாள். பிறகு தொடர்பு அறுந்தது.

விளம்பரம் வந்த செயலியில் புகார் சொல்ல ஒரு வழி இருந்தது. 'இந்த விளம்பரம் ஏன் பிடிக்கவில்லை?' என்று கேட்டு ஆறு காரணங்களைக் கொடுத்தது. ஆபாசம், வன்முறை, அடிக்கடி வருகிறது என்று போனது பட்டியல். 'இதில் பேசுவது நான், ஆனால் நான் இப்படிச் சொல்லவில்லை' என்பதற்கு அதில் இடமில்லை. எதையோ ஒன்றைத் தொட்டாள். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: இது எங்கள் விதிகளை மீறவில்லை. அவள் அதையே திரும்பத் திரும்பப் பார்த்ததாலோ என்னவோ, அன்றிலிருந்து போனைத் திறந்தாலே அவள் முகம்தான் வந்து நின்றது.

மகளுக்கு போன் போட்டாள். மகள் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

"நான்தான்மா டிக் பண்ணேன்" என்றாள் மகள். "வீடியோவை அவங்க எப்படி வேணும்னாலும் பயன்படுத்திக்கலாம்னு போட்டிருக்கும்மா. இப்பத்தான் படிக்கறேன். யாருமே அதெல்லாம் படிக்க மாட்டாங்கம்மா."

"முகத்தை வெச்சுக்கிட்டாங்க சரி. பேச்சை எப்படிடி அறுப்பாங்க?"

"எப்படி வேணும்னாலும்னா எப்படி வேணும்னாலும்தாம்மா."

பரிசோதனை நிலைய முதலாளிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கூட்டம் கூடியிருந்தது. "நமக்கும் நல்லதுதானே விடுங்க. ஓசியில விளம்பரம்" என்றார்.

அவளுக்கு முதல் விளம்பரத்தில் பார்த்த, காதோரம் நரைத்த பெண்ணின் நினைவு வந்தது. அவளைத் தேடிப் பார்த்தாள். கிடைத்தாள். இப்போது தலைச்சாயம் விற்றுக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் தண்ணீர் வடிகட்டி. இன்னொன்றில் கைக்குழந்தைகளுக்கான எதையோ. எல்லாவற்றிலும் தலை அதே பக்கம், அதே அளவு சாய்ந்தது. அவளும் எந்த ஜன்னலோரம் நின்று என்ன சொன்னாளோ, அதில் எவ்வளவு மிச்சம் வைத்தார்களோ. ஊசியம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் அவளைக் கூப்பிட்டார். அவர் போனைக் கையில் வைத்திருந்த விதமே சரியில்லை.

"இது நீயா பாரு."

திரையில் இருந்தவள் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். பின்னால் பளபளவென்று ஓர் ஆஸ்பத்திரி அறை. ஊசியம்மா அப்படி ஓர் அறையில் கால் வைத்ததே இல்லை. உதடுகள் ஒரு நொடி பிந்தி அசைந்தன. மற்றபடி அவளேதான். குரல் அவளுடையது. ஊசியைச் செருகும்போது மட்டும் அவளுக்கு வரும் அந்தக் குழைவும் அதில் இருந்தது.

'சர்க்கரை இருக்கறவங்க, கால் மரத்துப்போனவங்க, நீங்களும் தைரியமா போடுங்க. ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன் இல்ல?'

"நான் இதைச் சொல்லல" என்றாள் அவள். "நான் சொன்னதே வேற."

"எனக்குத் தெரியும்மா. நான் பக்கத்துல நின்னேனே" என்றார் அவர். "தெரிஞ்சும் எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிடுச்சு."

அப்போதுதான் அவளுக்கு அக்காவின் நினைவு வந்தது. அக்கா, பேருந்தில் நாலு மணி நேரத் தொலைவில் இருந்தாள். அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடச் சர்க்கரை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் தெருக்கோடி வரை நடந்துபோய்விடுவார், அவ்வளவு மரத்துப்போன கால்கள்.

மூன்று தடவை அடித்தும் அக்கா எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாள்.

"ஏண்டி, உலகத்துக்கெல்லாம் சொல்றே, கூடப் பிறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?" அக்கா குஷியாக இருந்தாள். "எதிர்வீட்டுக்காரி காட்டித்தான் எனக்கே தெரியும். உடனே வாங்கிட்டேன். உங்க மாமாவுக்குக் காலெல்லாம் சில்லுன்னு இருக்குன்னு சொல்லிட்டே இருப்பாரில்ல."

"அக்கா, அதை அவருக்குப் போட்டுடாதே."

"இதோ போட்டுட்டுத்தானே உக்காந்திருக்கார். பாதத்துல சுத்தி விட்டிருக்கேன். ஒரு மணி நேரமா பேப்பர் படிச்சிட்டிருக்கார். சூடே தெரியலையாம்டி. அதான் மூணாம் நம்பர்ல வெச்சுட்டேன்."

"கழட்டு! முதல்ல பிளக்கைப் பிடுங்கு!"

"ஏண்டி கத்தறே? நீதானே ஒண்ணும் ஆகாதுன்னு..."

"பிடுங்குக்கா!"

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. மாமா ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். அக்கா, "கொஞ்சம் காலை நீட்டுங்க" என்றாள். பிறகு எதுவும் கேட்கவில்லை. பிறகு அக்கா போட்ட சத்தத்தை ஊசியம்மா அதற்குமுன் எந்த மனுஷியிடமிருந்தும் கேட்டதில்லை. இடையில் மாமாவின் குரல், அமைதியாக, "என்ன ஆச்சு? ஏன் அழறே? எனக்கு வலிக்கவே இல்லையே" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அவளும் கணவரும் அடுத்த பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு கால்விரல்களையும் பாதத்தின் ஓரத்தில் கொஞ்சத்தையும் எடுத்தாக வேண்டும் என்றார். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஊசியம்மாவின் கணவர் அந்தப் பட்டையைக் கத்தியால் கிழித்தார். உள்ளே பஞ்சு, வளைந்து வளைந்து போன ஒரு கம்பி, அவ்வளவுதான்.

"சூடு மிஞ்சினா தானா அணையற சாமான் ஒண்ணு இருக்கணும்" என்றார். "சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். அதையே வைக்கல இவனுங்க. லிஃப்ட் செஞ்சுட்டு பிரேக்கை மறந்த மாதிரி."

ஊசியம்மா கட்டிலருகே போனாள். மாமா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உன்மேல தப்பில்லம்மா. நீ சொன்னியேன்னு போட்டேன். அவ்வளவுதான்."

அந்த வார்த்தை அவளைக் குத்தியது. அக்காவைத் தனியே அழைத்துப்போய், மகள் எடுத்த முழு வீடியோவையும் காட்டினாள். அதன் பிறகு வெள்ளைக் கோட்டுக்காரியைக் காட்டினாள். அக்கா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"நிஜமானது இதுதான்க்கா. இந்த ஜன்னல் உனக்கே தெரியும் இல்ல?"

"தெரியுது" என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "ஆனா இதுல நீ என்னமோ சிடுசிடுன்னு இருக்கே. அதுலதான்டி நீ நீயா இருக்கே" என்றாள்.

ஊரிலிருந்து திரும்பியதும் ஊசியம்மா காவல் நிலையத்துக்குப் போனாள். புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி, பட்டைப் பெட்டியின் மேலிருந்த முகவரிக்கு ஆள் அனுப்பினார். அங்கே பூட்டிய ஓர் அறையும், கதவடியில் குவிந்த கடிதங்களும் இருந்தன. கம்பெனி வேறு தேசத்தில் பதிவானதாம். "நாளாகும்மா" என்றவர், தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க, எங்க அம்மாவும் நீங்க சொன்னீங்கன்னு ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்க. தூக்கிப் போட்டுடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"இப்பவே போன் பண்ணுங்க" என்றாள் அவள்.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்தாள். "இன்னொரு வீடியோ போடலாம்மா. இந்தத் தடவை நம்ம பக்கத்துலயே போடலாம். ஒரு வார்த்தை வெட்ட முடியாது" என்றாள். ஊசியம்மா கேமராவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். கிழித்த பட்டையைக் காட்டினாள். முழங்கால் தழும்பைக் காட்டினாள். மாமாவின் விரல்களைப் பற்றிச் சொல்லும்போது அழக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். முடியவில்லை. "எங்க அக்கா வீட்டுக்காரருக்குக் கால் விரல் போயிடுச்சுங்க. அந்தப் பட்டையை வாங்காதீங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க" என்று கைகூப்பினாள்.

அது பரவியது. இரண்டே நாளில் ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள், கண்ணீர் விடும் மஞ்சள் முகங்களைப் போட்டார்கள். 'இது டூப்பு, நிஜ அம்மா சிரிச்ச முகமா இருப்பாங்க' என்று சிலர் எழுதினார்கள்தான். ஆனாலும் பலர் நம்பினார்கள். வெள்ளைக் கோட்டுக்காரி சட்டென்று காணாமல் போனாள். ஊசியம்மா பல நாள் கழித்துப் பசித்துச் சாப்பிட்டாள். கணவர் அவளைப் பார்த்துச் சிரித்து, "கெட்டிக்காரிதான் நீ" என்றார்.

பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் மத்தியானம், வேலைக்கு நடுவில் அக்கா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. ஊசியம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் எடுத்தாள்.

"என்னை மன்னிச்சுடுடி" என்றாள் அக்கா. "உன்கிட்ட நான் முகம் குடுத்தே பேசல. இப்பத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது."

ஊசியம்மா படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தாள். "பரவால்லக்கா. அந்த வீடியோவைப் பாத்தியா?"

"பாத்தேன். நீ அழறதைப் பாத்து நானும் அழுதுட்டேன். அப்ப நாங்க வாங்கினது போலியாடி? முதல்லயே சொல்லியிருந்தா ஒரிஜினலையே வாங்கியிருப்பேனே!"

"என்ன ஒரிஜினல்?"

"அதான், நீ சொல்ற நீலக் கலர் பெட்டி. எனக்கும் முழங்கால் விட்டுப்போச்சு, இவரைத் தூக்கி உக்கார வெச்சு உக்கார வெச்சு. அதான் ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில வந்துடுமாம்."

அக்கா அனுப்பியதை ஊசியம்மா படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் உண்மையாகவே அழுத அழுகை. 'எங்க அக்கா வீட்டுக்காரருக்குக் கால் விரல் போயிடுச்சுங்க' என்றாள். கிழிந்த பட்டையைக் காட்டினாள். கைகூப்பினாள். பிறகு, அவள் ஒருபோதும் சொல்லாததை அதே தழுதழுத்த குரலில் சொன்னாள்: 'போலியை வாங்கி ஏமாறாதீங்க. நீலப் பெட்டியைப் பாத்து வாங்குங்க. இது ஒண்ணுதான் பாதுகாப்பு.' கம்பெனிக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பட்டை மட்டும் அதே பட்டை.

"அக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா."

"பின்ன, அழுதுட்டே சொல்றியேடி" என்றாள் அக்கா, குழந்தைக்குச் சொல்வதுபோல. "பொய்யா யாராவது அப்படி அழுவாங்களா?"

அவள் முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கணவருக்கு ஒரு வார்த்தை போனில் சொல்லிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தாள். மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் அவளே காத்து நின்றாள். ஒன்பது மணிக்குப் பார்சல்காரர் வண்டியை நிறுத்தினார். பின்பக்கக் கூடையில் நீலப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"இது வேண்டாம். திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அம்மா, நீங்களா? உங்களாலதான் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. இந்தத் தெருவுக்கு மட்டும் இன்னைக்குப் பதினொண்ணு."

அக்காவின் பெட்டியை அவள் கையெழுத்துப் போடாமல் திருப்பிவிட்டாள். உள்ளே அக்கா கோபமாக ஏதோ சொன்னது காதில் விழுந்தது. பார்சல்காரர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். ஊசியம்மா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

அடுத்த வீட்டுக் கதவைத் திறந்தவள் ஒரு கர்ப்பிணிப் பெண். அவளுக்குப் பின்னால், கட்டிலில், போர்வைக்கு வெளியே அசையாமல் கிடந்த முதுமை தட்டிய இரண்டு கால்கள் தெரிந்தன. பெட்டியை வாங்கக் கை நீட்டியவள், ஊசியம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அம்மா, இதை வாங்காதீங்க" என்றாள் ஊசியம்மா. "சுடும். நிக்காது. அந்தக் காலுக்குப் போட்டுடாதீங்க."

அந்தப் பெண் வாய் நிறையச் சிரித்தாள். உள்பக்கம் திரும்பி, "அத்தே, யாரு வந்திருக்காங்க பாருங்க! போன்ல வர்ற அம்மாவே நேர்ல வந்திருக்காங்க!" என்று குரல் கொடுத்தாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்கம்மா. நீங்களே உங்க கையால போட்டு விட்டுடுங்க."